கண்ணாடிக்குள் நின்ற சேவல்

பெனிதாவுக்கு ஐம்பது வயது. பொலிவியா நாட்டு லா பாஸ் நகரத்து மேட்டுத் தெருவில், ஹிலாரியோனின் பொம்மைக் கடைக்கு எதிரே, விடிந்ததும் அடுப்பு மூட்டிச் சோளக் கஞ்சி விற்பாள். நோயாளி அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாண வயது போய்விட்டது. பிறகு அம்மாவும் போய்விட்டாள்.

அலசீத்தாஸ் திருவிழா நெருங்கியதும் ஹிலாரியோன் கடைக் கண்ணாடிக்குள் குட்டி வீடு, குட்டி லாரி, குட்டி அரிசி மூட்டை எல்லாம் வந்து உட்கார்ந்தன. வேண்டியதைப் பொம்மையாக வாங்கித் திருவிழா அன்று உச்சிவேளையில் புகை காட்டினால் அது நிஜமாகவே வீடு வந்து சேரும். பெனிதாவின் கண் போனதெல்லாம் நடுவில் திமிராக நின்ற மண் சேவல் மேல்தான். துணை தேடும் பெண்ணுக்குச் சேவல், ஆணுக்குக் கோழி. ஆனால் தனக்குத் தானே வாங்கினால் பலிக்காது. யாராவது கொடுக்க வேண்டும். சின்னப் பெண் என்றால் தோழிகள் கேலி பேசிக்கொண்டே கையில் திணிப்பார்கள். கஞ்சிக்காரிக்கும் ஆசை இருக்கும் என்று எவருக்குத் தோன்றப்போகிறது?

திருவிழாக் காலையில் சேவல்களில் அது ஒன்றுதான் மிச்சம். மனசு கேட்காமல் தெருவைத் தாண்டிப் போய், அக்கா மகளுக்கு வேண்டும் என்று கேட்டாள்.

ஹிலாரியோன் மனைவியை இழந்தவர். தினமும் அவளிடம் கஞ்சி குடிப்பவர்.

"நீங்க ஒத்தப் பிள்ளைன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார்.

பெனிதாவுக்கு முகம் சுருங்கிப்போனது. அவர் சிரிக்கவில்லை. நீட்டிய பணத்தை அவள் பக்கமே தள்ளினார். "காசு வாங்கினா பலிக்காதுங்க. நான் குடுக்கறேன், வச்சுக்கோங்க."

சேவலை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தவளுக்குப் பாதித் தெருவிலேயே உறைத்தது. வேறு நல்ல ஆளாகப் பார்த்துக் கட்டிக்கொள் என்றுதானே அதற்கு அர்த்தம்? ஏனோ அழுகை முட்டியது. அடுப்பில் கஞ்சி அடிபிடித்துப்போனது.

உச்சிவேளை நெருங்கும்போது மறுபடி போனாள். ஒரு கோழி வேண்டும் என்றாள்.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்." பணத்தை வைத்துவிட்டுக் கோழியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். "நீங்களும் எத்தன நாளைக்குத் தனியா இருப்பீங்க?"

அவர் கோழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடையைப் பூட்டிவிட்டு அவளோடு நடந்தார்.

முச்சந்தியில் புகை போடும் கிழவர் இரண்டு பொம்மைகளையும் பார்த்து, தனித்தனியாகக் காட்டவா என்று கேட்டார்.

பெனிதா தரையைப் பார்த்தாள்.

"சேத்தே காட்டுங்க," என்றார் ஹிலாரியோன்.