பள்ளிக்கூட வராந்தாவில் அத்தை கட்டிய தொட்டில்கள்

என் அன்புப் பிள்ளைகளே,

உங்கள் அத்தை, என் அக்கா, இறைவனிடம் சேர்ந்து ஓராண்டாகிறது. நம் சொந்தத்தில் நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு ஜீப் ஓட்டப் போன நான் இந்த நினைவு மலரில் எழுதுவது, நீங்கள் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான்.

அத்தை பிறந்தது சிலோனில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். கப்பலேறி வந்தபோது சின்னப் பிள்ளை. நான் பிறந்தது குடும்பம் பண்ணைக்காட்டுக்கு வந்த பிறகு. உங்கள் தாத்தாவும் பாட்டியும் விடியும் முன்பே காப்பித் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அத்தை பள்ளிக்கூடம் போகவில்லை. நான் ஓடித் திரிகிற வரைக்கும் என்னை இடுப்பில் சுமந்தார். பிறகுதான் ஒன்றாம் வகுப்பில், தன் தோள் உயரம்கூட இல்லாத பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தார். அதை ஒருநாளும் எனக்குச் சொல்லிக்காட்டியதில்லை. பள்ளியை நடத்திய கன்னியாஸ்திரி சிஸ்டர்கள் மேலே படிக்க வைத்தார்கள். நம் பங்குக் கோயிலின் அந்தப் பள்ளியிலேயே டீச்சராகி, தலைமையாசிரியையும் ஆனார்.

காப்பிப் பழம் பறிக்கும் பருவம் வந்தால், மூன்றாம் நான்காம் வகுப்புப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வர மாட்டார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். அப்படி நின்றவர்களில் சிலர் திரும்பி வருவதே இல்லை. அத்தைக்கு அது பொறுக்கவில்லை. அந்தச் சமயத்தில் திருச்சபையின் சமூகப் போதனை பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. போய்வந்தவர்கள், ஏழைகளுக்கு முதலிடம், உழைப்பவருக்கு மாண்பு என்று அட்டையில் எழுதி வகுப்பில் ஒட்டினார்கள். அத்தை வராந்தா உத்தரத்தில் பழைய சேலைகளால் தொட்டில் கட்டினார். பெண்பிள்ளைகள் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டே வரட்டும் என்று தோட்டத்து லைன் வீடுகளில் ஒவ்வொரு வாசலாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

தாய்மார்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் ஒருத்தி வேலைக்குப் போகாமல் வராந்தாவில் இருந்து எல்லாக் குழந்தைகளையும் பார்ப்பாள். அவளுக்கு அன்றைய கூலியை மற்றவர்கள் பகிர்ந்து கொடுத்துவிடுவார்கள். இது அத்தை சொல்லிக்கொடுத்தது இல்லை. அதைத்தான் அத்தை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார்.

தோட்ட முதலாளியும் நம் பங்கைச் சேர்ந்தவர்தான். திருவிழாத் தேர்ச் செலவு அவருடையது. பறிப்பு நேரத்தில் ஆள் குறைவது அவருக்குப் பிடிக்கவில்லை. முறைக்கு நிற்பவள் மறுநாள் முதல் வேலைக்கே வர வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டார். அந்தத் தாய்மார்களில் ஒருவரான செல்லத்தாய்க்கு அப்படித்தான் வேலை போனது. அதோடு முறையும் நின்றது. தொட்டிலும் நின்றால் பெண்பிள்ளைகள் மறுபடி வீட்டோடு நின்றுவிடுவார்கள். பங்குச்சாமியாரும் கொஞ்சநாள் தொட்டிலை அவிழ்த்து வைக்கலாமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

அத்தை அவிழ்க்கவில்லை. தொட்டில்களை ஒரே கயிற்றில் இணைத்து, முனையை ஜன்னல் வழியாக வகுப்புக்குள் கொண்டுவந்தார். ஒரு கையில் சாக்பீஸ், மறு கையில் கயிறு. பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லச் சொல்லத் தொட்டில்கள் அந்தத் தாளத்துக்கே ஆடும். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், இது மணிக்கயிறா என்று கேட்டு இழுத்த இழுப்பில், வெளியே எல்லாக் குழந்தைகளும் ஒன்றாக அழ ஆரம்பித்துவிட்டன. வகுப்பு சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார்.

இந்தச் சேதி லைன் வீடுகளுக்குப் போனது. டீச்சர் ஒற்றைக் கையால் பாடம் நடத்துகிறார் என்பது அவர்களுக்கு உறுத்தியது. மறுநாள் தாய்மார்கள் ஒருத்திகூட பறிப்புக்குப் போகாமல் பள்ளி வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் முதலாளி வந்தார். சவாரி இறக்கிவிட்டு நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

“என்ன டீச்சரம்மா, பள்ளிக்கூடம் நடத்துறீங்களா, யூனியன் நடத்துறீங்களா?”

அத்தை வாய் திறப்பதற்குள் செல்லத்தாய் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

“டீச்சரை ஏன் கேக்குறீங்க முதலாளி? நாங்களாத்தான் வந்தோம். ஒருத்தி இங்க முறைக்கு நின்னா, மத்தவளுக வெள்ளனே வந்து அவ பங்கையும் சேத்துப் பறிச்சுத் தாரோம். அது வேணாம்னா எல்லாரும் இங்கனயே கெடக்கோம்.”

“பழம் கொட்டிப்போகுமே.”

“அதுக்குத்தான் சொல்றோம். வெரசா முடிவு சொல்லுங்க.”

அத்தை ஒன்றுதான் சொன்னார். “ஒங்க தோட்டத்துப் புள்ளைக ஒண்ணுகூட படிப்ப விட்டு நிக்கக் கூடாதுங்க. எனக்கு அது போதும்.”

முதலாளி திரும்பிப் போய்விட்டார். மனம் மாறினார் என்று என்னால் எழுத முடியாது. மழை பிடித்தது, பழம் கொட்ட ஆரம்பித்தது, முறை இருக்கட்டும் என்று மேஸ்திரி வந்து சொன்னார். செல்லத்தாய்க்கும் வேலை திரும்பக் கிடைத்தது. அந்தப் பருவத்தில் ஒரு பெண்பிள்ளைகூட பள்ளியை விட்டு நிற்கவில்லை. அவர்களில் ஒருத்தி இப்போது கொடைக்கானலில் நர்ஸ்.

அத்தை ஓய்வுபெற்று, நோயில் படுத்தபோது, அந்தத் தாய்மார்கள் ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் முறை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார்கள். “நீ போய் வண்டிய ஓட்டு, நாங்க பாத்துக்கிறோம்” என்று என்னை விரட்டினார்கள். அவர்களுக்கும், கடைசிவரை வீட்டுக்கு வந்து நற்கருணை கொடுத்த சாமியாருக்கும், மழையில் நின்று குழி வெட்டிய தம்பிமார்களுக்கும் நம் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நன்றி என்று எழுதினால் செல்லத்தாய் என்னைத் திட்டுவார். திட்டட்டும். நன்றி.

அத்தையின் முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, நான் மட்டும் பள்ளிக்குப் போனேன். அன்று விடுமுறை. இன்றும் குழந்தைகள் தூங்குகிற அந்தத் தொட்டில்களின் உத்தரத்துக் கயிறுகள் இற்றுப்போயிருந்தன. ஜீப்பில் சுமை கட்ட வைத்திருந்த புதுக் கயிற்றை வெட்டி, ஒவ்வொரு தொட்டிலுக்கும் மாற்றிக் கட்டினேன். முடிச்சு தாங்குமா என்று பார்க்காமல் போக மனசு கேட்கவில்லை. யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு கயிறாக இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தூக்கி, என் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன்.