காபி மேசைக்கு முன்னால் நின்ற வரிசை

கோஸ்டா ரிகா மலைச்சரிவில் இருக்கும் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளிக் கேண்டீனில் பதினோரு வருடமாகச் சமைப்பவள் நியேவெஸ். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது அவள் நெஞ்சில் ஆறாத புண்.

புது மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் பாடப்பிரிவுகளை அறிமுகப்படுத்தும் நாளில், பிரிவுக்கு ஒரு மேசை போடுவார்கள். நீளமான வரிசையைக் கண்டால் நல்லது அங்கேதான் இருக்கும் என்று போய் நிற்பது எங்கள் ஊர் வழக்கம். இந்த வருடம் அந்த வரிசை, வந்தவர்களுக்குக் காபி கொடுக்க நியேவெஸ் போட்டிருந்த மேசைக்கு முன்னால் நின்றது; அதுவும் ஒரு பாடப்பிரிவு என்றே பலர் நினைத்துவிட்டார்கள்.

"டீச்சர், என் பையன் கையில கிடைச்சதையெல்லாம் கழட்டிப் போட்டுடுறான். எதுல சேர்க்கலாம்?" என்றார் ஒரு அப்பா.

"நான் டீச்சர் இல்லீங்க, சமையக்காரி. ஆனா அவனை மெக்கானிக்ல விடுங்க. அங்க திரும்ப மாட்டவும் சொல்லித் தருவாங்க."

வரிசையே சிரித்தது. வருடா வருடம் ஆசிரியர்கள் பேசிக் காதில் விழுந்ததை வைத்து நியேவெஸ் எல்லோருக்கும் வழி சொன்னாள்.

"நீங்க எந்தப் பிரிவுல படிச்சீங்க அக்கா?" என்றாள் கடைசியாக நின்ற ஒரு தாய்.

நியேவெஸ் தலைகுனிந்து கோப்பையைத் துடைத்தாள்.

அன்று புதிதாகச் சேர வந்திருந்த அவள் மகள் யெர்லின், பெரியவர்களுக்கான மாலை வகுப்பின் படிவத்தை எடுத்து வந்து அம்மா முன்னால் வைத்தாள்.

"ஊருக்கெல்லாம் சொன்னியேம்மா. இப்ப உன் முறை."

"போடி, எல்லாரும் சிரிப்பாங்க."

"இவ்வளவு நேரமும் சிரிச்சாங்க. ஒருத்தராவது வரிசையை விட்டுப் போனாங்களா?"

நியேவெஸின் கண்ணீர் படிவத்தில் பெயர் எழுதும் இடத்திலேயே விழுந்தது. ஈரம் காயும்வரை காத்திருந்து, அதன்மேல் தன் பெயரை எழுதினாள்.