நதி விட்டுவைத்த வீடு

மகுவாபுர்வா கிராமத்தில் லௌதனைப் பற்றிப் பேச ஜனங்களுக்கு ஒரே விஷயம்தான் இருந்தது. ஆறு அங்கே தும்மினால் இவன் இங்கே கதவைக் கழற்றிவிடுவான் என்பார்கள். இடிச்சத்தம் கேட்டு எந்தக் குழந்தையாவது அழுதால்கூட, "சரியான லௌதன்டா நீ" என்று கிண்டல் பண்ணுவார்கள். அவன் காதிலும் விழும். விழாதது போலப் போய்விடுவான்.

சிரிக்கிறவர்களும் வீட்டை இடிக்கிறவர்கள்தாம். சரயு ஆறு மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கிய நாளாக, எந்த வழியாகப் போவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நேபாளத்து மலைகளை மாவாக அரைத்துக் கொண்டுவந்து கொட்டும். கொட்டியது தன் வழியையே அடைத்துக்கொள்ளும். உடனே பக்கத்து ஊரை அறுத்துக்கொண்டு புது வழி பார்க்கும். கரையில் மேலே ஓராள் உயரத்துக்குக் களிமண், அதற்கு அடியில் வெறும் மணல். ஆறு களிமண்ணோடு மல்லுக்கு நிற்பதில்லை, மணலைத்தான் தின்னும். மேலே பசு பாட்டுக்குப் புல் மேய்ந்துகொண்டிருக்கும். ஒரு நாள் புல்லும் நிலமும் பாளமாகப் பிளந்து தண்ணீருக்குள் உட்காரும்.

அந்தப் பக்கத்தில் கல் என்பதே கிடையாது. எத்தனை தோண்டினாலும் மண்தான் வரும். ரயில் பாதையோரம் போனால்தான் கல்லைக் கண்ணால் பார்க்கலாம். அதனால் செங்கல்லுக்கு அங்கே தங்கத்தின் மரியாதை. ஆறு நெருங்கிவிட்டால் அவரவர் வீட்டை அவரவரே இடித்து, செங்கல்லையும் கதவையும் வண்டியில் ஏற்றி, வெள்ளம் தடுக்கப் போட்ட மண்மேட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதற்கும் ஒரு முறை உண்டு. வீட்டுக்காரி தன் கையால் மண்ணடுப்பைப் பெயர்த்து வெளியே எடுத்துவைக்க வேண்டும். அதற்கு முன்னால் யாரும் சுவரில் கடப்பாரை வைக்கமாட்டார்கள். புருஷனே ஆனாலும் அப்படித்தான்.

எப்போது இடிப்பது என்பதில்தான் எல்லாச் சங்கடமும். லௌதனுக்கு மீசை அரும்பிய வயதில், அவன் அப்பா அரசமரத்துக்குக் கீழே களிமண் கெட்டி, ஆறு அதைத் தாண்டாது என்று சாதித்தார். ஊரே இடித்த பிறகும் அவர் கயிற்றுக்கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. வெள்ளம் வடிகிற நேரத்தில், நல்ல வெயிலில், மரத்தோடு நிலமும் வீடும் போயின. உள்ளே தானியப் பானையை எடுக்கப் போயிருந்த அம்மாவும் போனாள். அன்றிலிருந்து லௌதன் காத்திருப்பதில்லை. தண்ணீரின் நிறம் மாறினால் போதும், கடப்பாரையைத் தேடுவான். பதிராஜியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்த பிறகும் அப்படித்தான் இருந்தான். அவளும் ஒவ்வொரு முறையும் வாயைத் திறக்காமல் அடுப்பைப் பெயர்த்துக் கொடுத்தாள்.

அப்படி இடித்த ஒரு வருஷம் ஆறு சட்டென்று தெற்குக் கரைக்குத் திரும்பிவிட்டது. இடிக்காதவர்கள் வீட்டுக்குள் படுத்திருந்தார்கள், லௌதன் குடும்பம் பிளாஸ்டிக் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அந்தக் குளிரில் அவர்களுடைய சின்னப் பெண் மார்பில் சளி கட்டிச் செத்துப்போனாள். பதிராஜி அதைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாய்விட்டுத் திட்டியிருந்தால் பாவி மனுஷனுக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

மகன் மங்ரூ லூதியானாவில் கம்பளித் தறி வேலைக்குப் போன பிறகு, செங்கல் சேர்த்து ஒரு வீடு கட்டினார்கள். இரண்டு அறை, நீல நிற இரும்புக் கதவு, முற்றத்தில் அடிபம்பு. பதிராஜி சுவரில் கூட லௌதனைச் சாயவிடமாட்டாள். எண்ணெய்த் தலை என்பாள்.

இரண்டாம் வருஷமே சரயு வந்துவிட்டது. மழைக்காலத்தில் மாந்தோப்பைத் தின்றது. தசராவுக்குப் பிறகு தண்ணீர் வடியத் தொடங்கியபோது ஊரே கலங்கியது. வெள்ளம் ஏறும்போது தண்ணீர்தான் கரையை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும். வடிந்தால் முட்டு போய்விடும், கரை சரியும். பெண்கள் வாணலியில் பூரியும் அல்வாவும் போட்டு ஆற்றுக்குப் படைத்தார்கள். பதிராஜியும் படைத்தாள். மற்றவர்கள் கும்பிட்டுத் திரும்ப, அவள் மட்டும் நின்று, தின்னுட்டு உன் வழியைப் பாத்துக்கிட்டுப் போ என்று ஆற்றின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஒவ்வொரு வீடாக அடுப்பு வெளியே வந்தது. பக்கத்து வீட்டுத் திர்பேனி, லௌதனைக் கிண்டல் பண்ணுவதையே தொழிலாக வைத்திருந்தவன், அவனும் இடித்துவிட்டான். வண்டியில் செங்கல் ஏற்றிக்கொண்டு போகும்போது நின்று எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, நீ இன்னும் இடிக்கலையா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

லௌதனால் சிரிக்க முடியவில்லை. பதிராஜி அடுப்பைப் பெயர்க்க மறுத்துவிட்டிருந்தாள். நயமாகச் சொல்லிப் பார்த்தான், மங்ரூவுக்குப் போன் போட்டு அவளிடம் சொல்லச் சொன்னான், இரண்டு வேளை சாப்பிடாமல் முறுக்கிக்கொண்டும் பார்த்தான். அவள் அசையவில்லை. ஊரில் கடைசி வண்டியும் போனதற்கு மறுநாள், முற்றத்தில் அடிபம்புக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது.

"மங்ரூ அம்மா, அடுப்பை எடு. விரிசல் விட்டிருக்கு."

"பாத்தேன்."

"பாத்துட்டுமா உக்காந்திருக்க?"

"உங்கம்மாவுக்காக ஒவ்வொரு தடவையும் நீ இடிச்ச. நான் ஏன்னு கேட்டேனா? எம்பொண்ணுக்காக இந்த ஒரு தடவை நான் இடிக்கமாட்டேன். நீ வேணா மேட்டுக்குப் போ."

அத்தனை வருஷமாக அவன் பயந்து காத்திருந்த பேச்சு அதுதான். கடப்பாரையைக் கீழே போட்டான். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடலாமா என்றுகூட யோசித்தான். பிறகு அவள் பக்கத்தில், அடுப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். அவள் ரொட்டி தட்டினாள், இவன் தின்றான், என்ன தின்கிறோம் என்றே தெரியவில்லை. மதியத்துக்கு மேல் பூமிக்குள் மூட்டையைப் போட்டது போல் ஒரு சத்தம் வந்தது. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். திறந்து பார்த்தபோது அடிபம்பு இல்லை, முற்றத்தில் பாதி இல்லை. வீடு இருந்தது.

அதோடு ஆறு நின்றுவிட்டது. தீபாவளிக்குள் நடுவில் ஒரு மணல்திட்டு எழுந்து, ஓட்டம் அக்கரையோரமாகப் போய்விட்டது. ஊரார் மூக்கில் விரலை வைத்தார்கள். லௌதனுக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக அவன் வீடு நின்றிருந்தது! அதுவும் அவன் வீடு மட்டும்தான் நின்றிருந்தது. சுண்ணாம்பு அடித்தான், புது அடிபம்பு இறக்கினான், ஆறு விட்டுப்போன வண்டலில் மசூர்ப்பருப்பு விதைத்தான். மேட்டுப் பக்கம் போனால் வேண்டுமென்றே மெதுவாக நடப்பான்.

பதிராஜிதான் மாறிப்போனாள். சுற்றிலும் நாற்பது வீட்டு அடித்தளங்கள் பல் விழுந்த ஈறு மாதிரிக் கிடந்தன. காலையில் அடுப்புக்கு நெருப்புக் கேட்டு வருகிறவள் இல்லை, சண்டை போடக்கூட ஆளில்லை. மத்தியானமானால் ஒரு கிண்ணம் கறியைத் தூக்கிக்கொண்டு, மேட்டில் கூரை போட்டிருந்த திர்பேனியின் மனைவி ராம்ரதியிடம் போய்விடுவாள். அத்தனை தூரம் நடந்து போய்ப் பொழுது சாயத் திரும்புவாள். வீட்டுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும்.

சங்கராந்தி முடிந்து பனி கொட்டிய ஒரு நாள் லௌதன் சந்தைக்குப் போயிருந்தான். அவள் அடிபம்படியில் வழுக்கி விழுந்து இடுப்பை அசைக்க முடியாமல் கிடந்தாள். அவன் திரும்பியபோது பகல் போய்விட்டது. அவள் உதடு நீலம் பாய்ந்து, குரல் கட்டி, கன்னத்தில் சேறு ஒட்டியிருந்தது. தூக்கிப்போய் நெருப்புப் பக்கத்தில் போட்டு, கடுகெண்ணெய் காய்ச்சித் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க அவனுக்கு அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை.

எலும்பு முறியவில்லை. சில நாளில் சுவரைப் பிடித்து நடந்தாள். நடக்க முடிந்த அன்று சொன்னாள், நாம் மேட்டுக்குப் போய்விடலாம் என்று. அவன் காதில் வாங்கவில்லை. மறுநாளும் சொன்னாள். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆறு விட்ட வீட்டை நானே இடிக்கவா, ஊர் காறித் துப்பும், இனி ஒரு செங்கல்லைத் தொடமாட்டேன் என்று கத்தினான்.

"விழுந்த அன்னிக்கு ராம்ரதின்னு கூப்பிட்டேன்," என்றாள் பதிராஜி. "திர்பேனின்னு கூப்பிட்டேன். அப்புறம் ஊர்ல உள்ள ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லிக் கூப்பிட்டேன். செத்துப்போன உங்கம்மாவைக்கூடக் கூப்பிட்டேன். ஒரு நாய்கூட வரலை. பொண்ணுக்குன்னு பிடிவாதம் பிடிச்சு வச்ச வீடுதான் இது. அவ இருந்திருந்தா இங்கே யாரோட விளையாடுவா, சொல்லு."

அவன் வெளியே போய்ப் பருப்பு வயலில் வெகு நேரம் நின்றான். ஆறு தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அங்கிருந்து வீட்டைப் பார்த்தான். நீலக் கதவு வெயிலில் பளிச்சென்றிருந்தது. அந்த வீட்டின் மேல் அவனுக்கு இருந்த ஆசை, அவன் ஆயுசில் வேறு எதன் மேலும் இருந்ததில்லை. திரும்பி வந்தபோது அவள் அடுப்பைப் பெயர்த்து வாசலில் வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் கடப்பாரையை எடுத்தான்.

முந்தியெல்லாம் அரக்கப்பரக்க இடித்துப் பாதிச் செங்கல்லை உடைப்பான். இந்தத் தடவை அவசரமே இல்லை. ஒவ்வொன்றாகப் பெயர்த்து, ஒட்டியிருந்த சாந்தைச் சுரண்டித் துடைத்து அடுக்கினான். நீலக் கதவை இரண்டு பேருமாகக் கழற்றினார்கள்.

கடைசி வண்டி மேட்டில் ஏறியபோது ஊரே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. பதிராஜி அடுப்பைத் தலையில் சுமந்தபடி பின்னால் நடந்துவந்தாள், வண்டியில் வைக்கச் சொன்னதற்கு உடைந்துவிடும் என்று கேட்கவில்லை. திர்பேனி கையைத் தட்டிச் சிரித்தான்.

"ஆறு வீட்டு வாசலுக்கு வந்தப்ப அசையாம உக்காந்திருந்த. அது அக்கரைக்குப் போனப்புறம் இடிச்சுட்டு வர்ற. உன்னை மாதிரி ஒருத்தன் இனிமேதான் பொறக்கணும்ண்ணே."

எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் இடிக்கச் சொன்னேன் என்று சொல்ல பதிராஜி வாயெடுத்தாள். லௌதன் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தான்.

"பயந்துட்டேன்டா," என்றான்.

"எதுக்குப் பயந்த? ஆறுதான் இல்லையே?"

"இவ மறுபடியும் விழுந்து கெடந்து கூப்பிட்டா, கேக்க ஆளிருக்காதேன்னு."

திர்பேனியின் சிரிப்பு அப்படியே நின்றது. ராம்ரதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வண்டிமாடு மட்டும் தலையை ஆட்டி ஈ ஓட்டியது. திர்பேனி போய்த் தன் கூரையை ஒட்டிக் கட்டியிருந்த எருமையை அவிழ்த்து அந்தப் பக்கம் கட்டினான். பழைய முளையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்திலிருந்த சாணியைக் காலால் ஒதுக்கினான். பிறகு வந்து பதிராஜியின் தலையிலிருந்த அடுப்பை இரண்டு கையாலும் இறக்கினான்.

"இங்க வைக்கிறேன் அண்ணி, காத்து அடிக்காது," என்றான்.