தேவாங்குத் தைலமும் என் லைசென்சும்

போன வருடம் தை மாதம், ஆக்லாந்து விமான நிலையத்தில் நடந்தது இது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இலங்கையிலிருந்து அகதியாக வந்து, ஆக்லாந்தின் மனுரேவாப் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் தரை கூட்டினேன். இன்று அதே தெருவில் எனக்கு ஆறு லொறிகள். ஒன்றை நானே ஓட்டுகிறேன், யாருக்கும் விட்டுக் கொடுக்கமாட்டேன். ஆனால் எழுபத்தைந்து வயதானால் டாக்டர் கண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் லைசென்ஸ். எனக்கோ கண்ணில் புகை படர்ந்திருந்தது. ஆபரேஷன் என்று கண்ணில் கத்தி வைக்க விடமாட்டேன் என்று மகனையும் கூட்டிக்கொண்டு இலங்கைக்குப் போனேன். இரத்தினபுரிப் பக்கம் ஒரு பரியாரியிடம், அதுதான் நாட்டு வைத்தியரிடம், தேவாங்குத் தைலம் வாங்கினேன். தேவாங்கின் கண்ணிலிருந்து எடுத்ததாம். பூசினால் பார்வை பளிச்சென்று வருமாம்.

"வேப்பெண்ணெய் எண்டு சொல்லுங்கோ அப்பா, தேவாங்கு எண்டால் பறிச்சுப் போடுவினம்," என்று திரும்பி வந்து விமான நிலைய வரிசையில் நிற்கும்போது மகன் காதைக் கடித்தான். பொய் சொல்லியா நான் ஆறு லொறி வாங்கினேன்? சோதனை மேசையில் போத்தலை நானே எடுத்து வைத்தேன். அங்கே நின்ற அதிகாரி ஒரு தமிழ்நாட்டுப் பெண்பிள்ளை.

"இதுல என்ன இருக்குங்க ஐயா?"

"தேவாங்குக் கண். என்ர மருந்து. பறிச்சுப் பாரும் பாப்பம்!"

அவள் குரலை உயர்த்தவில்லை. ஒரு படத்தைக் காட்டினாள். மெலிந்த சிவந்த உடம்பு, முகம் முழுக்கக் கண்.

"இந்தச் சிவப்புத் தேவாங்கு உங்க தீவை விட்டா வேற எங்கேயும் கிடையாதுங்க. இருக்கிறதே கொஞ்சம்தான். நேர்ல பார்த்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேனா! இளவயதில் அந்த இரத்தினபுரிக் காடுகளில் மரம் அரிந்தவன் நான். ஒருநாள் வெட்டிய மரத்தோடு ஒரு தேவாங்கு விழுந்தது. தூக்கினேன். என் பெருவிரலைப் பிடித்தது, விடவே இல்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்து அடுத்த மரத்தில் விட்டேன். அதே கண்ணைத்தான் இப்போது போத்தலில் அடைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

போத்தலை அவள் பக்கம் தள்ளினேன். "கொண்டு போம். நீர் பறிக்கேல்லை, நானாத் தாறன். அப்பிடியே எழுதும்."

"எழுதிட்டேங்க ஐயா," என்று சிரித்தாள்.

காசு கொடுத்து வாங்கிய மருந்தை நானே தூக்கிக் கொடுத்தேன் என்று, கோயிலுக்கு வரும் எங்கள் சனம் இன்னமும் என்னை விசரன், பைத்தியக்காரன் என்கிறார்கள். சொல்லட்டும். கடைசியில் கண்ணில் கத்தி வைக்க விட்டேன், டாக்டர் கையெழுத்துப் போட்டார், லொறி ஓடுகிறது. வீடு, காணி எல்லாம் பறிகொடுத்து வந்த நானே ஒரு சின்ன உயிரிடம் பறிக்கப் போனேன் என்பதை, ஸ்டியரிங்கைப் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் தேவாங்கு பிடித்த அந்தப் பெருவிரல் எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.