தண்ணீர் ஊற்றி வைத்த ரொட்டி

மனையியல் ஆசிரியையின் பாடம் வகுப்பறையில் எப்படியும் பிழைத்துவிடும். விடுதிச் சமையலறையில்தான் அதன் மானம் போகும். பெண்கள் விடுதிப் பொறுப்பைச் சுமந்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

கோழிக்கு விருந்து

ஆட்சி மாறியிருந்த காலம். கூலி நெல் தகராறில் தஞ்சை வயல்கள் பல அறுவடையாகாமல் நின்றன. எங்கள் கிறித்தவப் பள்ளி விடுதியில் ஒரே ஊர்ப் பெண்கள் இருவர் இருந்தனர்: விடுதிக்கு நெல் கொடுக்கும் மிராசுதாரின் மகள் கமலா, விவசாயத் தொழிலாளர் சங்கத்து மாணிக்கத்தின் மகள் செல்வி. "மிராசுதார் நெல்லை என் மகள் உண்ண வேண்டாம், ஈஸ்டர் விருந்தன்று வந்து அழைத்துப்போகிறேன்" என்று மாணிக்கம் சொல்லியனுப்பியிருந்தார். செல்விக்கோ எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுக்கு இன்னும் ஓராண்டுதான் இருந்தது.

விருந்து குறையின்றி அமைந்தால், மகளை இங்கேயே விடும்படி மாணிக்கத்திடம் பேசிப் பார்க்கலாம் என்று கருதினேன். ரொட்டித் துண்டு, வெங்காயம், ஈரல் ஆகியவற்றை முழுக்கோழிக்குள் அடைத்துத் தணலில் வேகவைக்கும் முறையைச் சமையற்காரி அந்தோணியம்மாளுக்கு விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "அறுத்த கோழிக்கு எதுக்கு டீச்சர் சாப்பாடு?"

அந்தோணியம்மாளின் முன்யோசனை

ரொட்டி நன்றாகக் காய்ந்திருந்தால்தான் கோழிச்சாற்றை உறிஞ்சும். ஆகவே துண்டுகளை அகன்ற தாம்பாளங்களில் பரப்பிவைத்தேன். ஈஸ்டர் காலையில் பார்த்தால், அத்தனையும் நீரில் மிதந்துகொண்டிருந்தன.

அந்தோணியம்மாள் சிறிதும் கலங்கவில்லை. "மிஞ்சினதுக்குத் தண்ணி ஊத்தாம எந்த வீட்டுல வெப்பாங்க? வீணாப் போவுதேன்னு நாந்தான் ஊத்துனேன். மோரும் உப்பும் கொண்டாரட்டுமா டீச்சர்?"

இரு முனை

அன்று கடைகள் இல்லை. மாற்று ரொட்டிக்கு வழியுமில்லை. நனைந்ததை வேட்டித் துணியில் கொட்டி, ஒரு முனையைக் கமலாவிடமும் மறுமுனையைச் செல்வியிடமும் கொடுத்து முறுக்கச் சொன்னேன். பிழிந்ததை இரும்புச் சட்டியில் மிளகு, பச்சைமிளகாய், கறிவேப்பிலையோடு உதிரும்வரை வறுத்துக் கோழிக்குள் அடைத்தோம். பட்டம் பெற்ற மனையியலார் தோல்வியை ஒப்புக்கொள்வதில்லை. பண்டத்தின் பெயரை மாற்றிவிடுவோம்; இது ரொட்டிப் பொடிமாஸ் ஆயிற்று.

முறுக்கும்போது கமலா அலறினாள்: "மெதுவாடி, துணி கிழிஞ்சிரும்!"

செல்வி விடவில்லை. "நம்ம அப்பாங்க இழுக்குற இழுப்புக்கு இது ஒண்ணுமே இல்ல. கெட்டியாப் புடி."

ஒரே பந்தி

மிராசுதாரும் விருந்துக்கு வந்திருந்ததால், தந்தையர் இருவரையும் தனித்தனி அறையில் அமர்த்தலாமா என்றார் தலைமையாசிரியை. என் விடுதியில் பந்தி ஒன்றுதான் என்றேன். சொந்த ஊரில் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காதவர்கள், இங்கே எதிரெதிர் இலைகளில் அமர்ந்தனர். பரிமாறியவள் செல்வி.

மிராசுதார் கோழியைவிட அதன் வயிற்றுக்குள் இருந்ததை முதலில் தீர்த்தார். பிறகு, "பாப்பா, அந்த ரொட்டிப் பொடிமாஸ் இன்னும் கொஞ்சம்..." என்றார்.

"இருங்க, வரிசையாத்தான் வரும்," என்று சொல்லிவிட்டு, செல்வி பந்தியின் மறுகோடிக்குப் போனாள். மிராசுதார் காலி இலையின் முன் காத்திருந்தார். மாணிக்கம் உண்பதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பேச வேண்டியே வரவில்லை. கைகழுவுமிடத்தில் மாணிக்கமே சொன்னார்: "பொண்ணு இங்கயே படிக்கட்டும் டீச்சர். எம்மவ எப்ப வருவா, எப்ப போடுவான்னு அவரு குந்தியிருந்தத ஊர்ல சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான். அடுத்த விருந்துக்கு நாலு பேரச் சாட்சிக்குக் கூட்டியாறேன்."

மறு ஈஸ்டருக்கு அவர் அழைத்து வந்தது ஒரு மாட்டுவண்டி நிறைய ஆட்களை. அத்தனை சாட்சிகளுக்கு எத்தனை ரொட்டி வேண்டும் என்பதை நான் கற்ற மனையியல் நூல் எதுவும் குறிப்பிடவில்லை.