நீட்டி ஓதிய மக்ரிப்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பெண்கள் அரபிக் கல்லூரியிலும் படித்துவிட்டு ஆரணிக்குத் திரும்பிய ரமலானில், தெருப் பெண்களுக்குத் தொழுகை நடத்தச் சொல்லி, அத்தாவின் தம்பி மனைவியான சாச்சி தன் வீட்டுக் கூடத்தை ஒழித்துக் கொடுத்தார்.

பெண்களுக்குத் தொழுவிக்கும் பெண் முன்னால் தனியே நிற்பதில்லை. வரிசையின் நடுவில்தான் நிற்பாள். என் இடப்பக்கம் அம்மா நின்றாள். தரையில் உட்கார்ந்து பட்டு நூல் சுற்றியே முழங்கால் தேய்ந்தவள். ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு எல்லோரும் நோன்பு திறந்திருந்தோம். கஞ்சி அடுப்படியில் இருந்தது. அந்தித் தொழுகையான மக்ரிபில் சின்ன அத்தியாயம் ஓதுவதுதான் வழக்கம். நான் நீண்ட ஒன்றை எடுத்தேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

பாதியில் அம்மாவின் தோள் என் தோளோடு உரசி நடுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். எழுத்தே தெரியாதவளை என் ஓதல் கரைத்துவிட்டதென்று பூரித்து, இன்னும் நிதானமாக ஓதினேன்.

முடிந்ததும் அம்மாவால் எழ முடியவில்லை. சாச்சிதான் தூக்கினார்.

"நல்லாத்தான் ஓதுற. பக்கத்துல ஒருத்தி கால் நடுங்கிகினு நிக்கிறா, அது தெரில. எங்கள நிக்க வெச்சி பரீட்சையா எழுதிகினு இருந்த?"

"நீ சும்மா இரு," என்றாள் அம்மா. "எம் பொண்ணு ஓதறப்ப நான் சேர் போட்டு குந்திக்குவனா?"

கஞ்சி ஆறிப்போயிருந்தது.

பரீட்சை உண்மையிலேயே எழுதியிருக்கிறேன். பின்னால் நிற்பவர்களில் பலவீனர், நோயாளி, முதியவர் இருப்பார்கள், தொழுவிப்பவர் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்று நபிகளார் சொன்னதை எழுதினேன். குழந்தை அழுதால் தாய் தவிப்பாளே என்று நபிகளாரே தொழுகையைச் சுருக்கியதை எழுதினேன். தலைமை ஓர் அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள், அதற்கு மறுமையில் கேள்வி உண்டு என்றும் எழுதி முதல் மதிப்பெண் வாங்கினேன்.

மறுநாளிலிருந்து அம்மா வீட்டிலேயே உட்கார்ந்து தொழுதாள். சுருக்கி ஓதுகிறேன், வா என்று கெஞ்சினேன். தனக்காக என் ஓதல் குறைய வேண்டாம் என்றாள். அடுத்த ரமலானுக்குள் மவுத்தாகி அடக்கமும் ஆகிவிட்டாள்.

இந்த ஆண்டும் நான்தான் தொழுவிக்கிறேன். இடப்பக்கம் சாச்சி. நான்கே வசனமுள்ள அத்தியாயத்தை ஓதுகிறேன். கவனம் என் குரலில் இல்லை, இடது தோளில் இருக்கிறது. அங்கே நடுக்கமில்லை. முடித்து எழும்போது கஞ்சியில் ஆவி பறக்கிறது. அம்மா அப்படித்தான் குடிப்பாள்.