பாவ்-ஜு வளர்க்கும் விளக்குக் கூடு

தொட்டி மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள் பாவ்-ஜு. உப்பு வாடை இல்லை, களைக்கொல்லி வாடையும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் நிம்மதி அடைந்திருப்பார்கள்.

"வாசனை வராத மருந்தாப் பாத்து ஊத்தியிருக்கான்" என்றாள்.

அந்த "அவன்", பக்கத்துப் பந்தலில் இருக்கும் துங்-ஹாய். அவள் கணவனின் தம்பி. பிங்துங் பக்கம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் காசு மரக்கன்றுதான் பிழைப்பு. ஐந்து கன்றுகளைச் சேர்த்துச் சடை பின்னி வளர்த்தால், கடைக்காரர்கள் காசு சேருமென்று கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். பாவ்-ஜுவுக்கு அந்தச் சடை அலுத்துவிட்டது. முதலில் கன்றுகளை மீன் வடிவில் பின்னிப் பார்த்தாள்; அது வளர்ந்து தவளை மாதிரி ஆயிற்று. அதையும் யாரோ காப்பியடிக்கப் பார்த்தார்கள் என்று புகார் வேறு. தவளையை யார் திருடப்போகிறார்கள் என்று கேட்டுத் தொலைத்தேன். அதிலிருந்து நான் தொட்டி ஏற்ற லாரியோடு போனால், என் கைப்பேசியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் உள்ளே விடுகிறாள்.

இப்போது விளக்குக் கூடு. கன்றுகளை வட்டமாக நட்டு, வலைபோலக் கோத்து, நடுவே விளக்கு வைக்க வெற்றிடம் விட்டிருந்தாள். உண்மையிலேயே அழகு. புத்தாண்டுப் பூக்காட்சியில் வைப்பதாக ஊரெல்லாம் சொல்லியாயிற்று. ஆனால் தண்டுகள் ஒவ்வொன்றாக அழுகத் தொடங்கின.

போன வாரம், அவள் அப்படி மண்ணை மோந்து பார்த்த அன்றே, என் கண்முன் இன்னொரு தண்டு கையோடு வந்துவிட்டது. வேலியோரம் போய்க் கத்தினாள்.

"டேய் துங்-ஹாய்! என்னத்தடா ஊத்துன?"

அவர் பாக்கை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வந்தார். "எனக்கு வேற வேலை இல்லையா அண்ணி? பின்னுறதுக்கு முன்னாடி வாடப் போட்டீங்களா?"

கன்றைப் பிடுங்கி, காற்றாடும் நிழலில் பரப்பி, தண்டு துவண்ட பிறகுதான் இங்கே யாரும் வளைப்பார்கள். பாவ்-ஜு கையிலிருந்த தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"போடலையா?"

"வெளிய பரப்பினா எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்னு..." என்று இழுத்தாள்.

"அப்ப வெறப்பாவே வளைச்சிருக்கீங்க. உள்ள கீறல் விட்டு அழுகுது. நான் எதுக்கு மருந்து ஊத்தணும்?"

அவள் தண்டை நகத்தால் பிளந்தாள். வளைவில் பழுப்பாக ஒரு கீறல் ஓடியது. அவள் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"இப்பப் புதுசாப் பின்னினாலும் காட்சிக்குள்ள துளிர் வந்துடும். என் கொட்டகையில நல்லாக் காத்து வரும், அங்க பரப்புங்க" என்றார் அவர்.

அவருடைய கொட்டகை! வேறு வழியும் இல்லை. மறுநாள் புதுக் கன்றுகளை அங்கே பரப்பிவிட்டு, எதிரே பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டுக் காவல் உட்கார்ந்தாள். நான் கன்றுகளைத் தாண்டித் தண்ணீர் குடிக்கப் போனதற்கே முறைத்தாள். மதியம் துங்-ஹாய் பன்றி இறைச்சிச் சோறு கொண்டுவந்து, அவளுக்குப் பின்னாலிருந்த மேசைமேல் வைத்தார்.

"சாப்பிடுங்க அண்ணி. ஆறிடும்."

அவள் சோற்றைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கன்றுகளைப் பார்த்தாள்.

"ஒவ்வொரு கன்னும் எனக்கு அடையாளம் தெரியும், ஆமா."

"தெரியட்டும்."

 பிறகு எழுந்து, முக்காலியை மேசைப் பக்கம் திருப்பிப் போட்டு, கன்றுகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.